ஊர் ஜெயித்த போட்டி



போட்டி என்றால் நமக்குத் தெரியும். கபடிப் போட்டி உண்டு. ஓட்டப் பந்தயம் உண்டு. கோலப் போட்டி உண்டு. இவற்றில் ஒருவர் ஜெயிப்பார். மற்றவர்கள் கை தட்டுவார்கள். வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஓர் ஊரே சேர்ந்து கலந்துகொள்ளும் போட்டி உண்டா? உண்டு. எந்த ஊர் சுத்தமாக இருக்கிறது? எந்த ஊர் மரம் வளர்த்தது? எந்த ஊர் மழைத் தண்ணீரைச் சேமித்தது? இதற்கெல்லாம் போட்டி நடந்திருக்கிறது. மகாராஷ்டிரா மாநிலத்தில் நடந்திருக்கிறது.

அந்த ஊர்கள் எப்படி ஜெயித்தன? அதற்கு என்ன விலை கொடுத்தன? இன்றைய பேச்சு அதைப் பற்றித்தான்.

துடைப்பம் எடுத்த துறவி

முதலில் ஒரு பெரியவரைப் பற்றித் தெரிந்துகொள்வோம். அவர் பெயர் காட்கே பாபா. 1876ஆம் ஆண்டு பிறந்தார். அமராவதி மாவட்டத்தில் பிறந்தார். சலவைத் தொழில் செய்யும் குடும்பம். ஏழைக் குடும்பம்.

கந்தல் துணிதான் அவருடைய உடை. கையில் ஒரு மண்சட்டி இருக்கும். இன்னொரு கையில் துடைப்பம் இருக்கும். மண்சட்டியால்தான் அவருக்கு அந்தப் பெயர் வந்தது.

ஓர் ஊருக்குப் போனதும் அவர் என்ன செய்வார்? சாப்பாடு கேட்க மாட்டார். தங்க இடம் கேட்க மாட்டார். முதலில் தெருவைக் கூட்டுவார். சாக்கடையைச் சுத்தம் செய்வார். "யாரோ ஒருவர் நம் தெருவைக் கூட்டுகிறாரே!" என்று ஊர் மக்கள் கூடுவார்கள். அவர்களும் துடைப்பம் எடுப்பார்கள்.

இரவில் அவர் பாட்டுப் பாடிக் கதை சொல்வார். குடிக்காதீர்கள் என்பார். கடன் வாங்கித் திருவிழா நடத்தாதீர்கள் என்பார். சாதி பார்க்காதீர்கள் என்பார். பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பார். பகலில் தெருவுக்குச் சுத்தம். இரவில் மனதுக்குச் சுத்தம். 1956ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவர் காலமானார். அமராவதியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு இன்று அவருடைய பெயர்தான்.

2000ஆம் ஆண்டில் மகாராஷ்டிரா அரசு ஒரு போட்டியைத் தொடங்கியது. கிராமங்களுக்கு இடையே சுத்தத்துக்கான போட்டி. அதற்குக் காட்கே பாபாவின் பெயரையே வைத்தது.

போட்டியில் சேர்ந்த ஊர்களை ஒரு குழு வந்து பார்க்கும். குடிதண்ணீர் நன்றாக இருக்கிறதா? வீட்டுக்கு வீடு கழிப்பறை உண்டா? குப்பையை என்ன செய்கிறார்கள்? தெருவில் சாக்கடை ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. முதலில் வட்டார அளவில் ஜெயிக்க வேண்டும். பிறகு மாவட்ட அளவில். கடைசியில் மாநில அளவில்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அரசு முதலில் பணம் தரவில்லை. வேலையை ஊர் மக்கள்தான் செய்தார்கள். அதன் பிறகுதான் பரிசு. மற்ற மாநிலங்களும் இதைக் கவனித்தன. 2003ஆம் ஆண்டு மத்திய அரசும் சுத்தமான ஊராட்சிகளுக்கு ஒரு விருதை அறிவித்தது. அதன் பெயர் நிர்மல் கிராம விருது.

சாக்கடை தோட்டம் ஆகும்

சுத்தத்துக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய சம்பந்தம் உண்டு.

பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? குளித்த தண்ணீர் எங்கே போகிறது? தெருவில் விட்டால் அது சாக்கடை. கொசு வரும். அதன் பின்னால் காய்ச்சல் வரும். தெருச் சண்டையும் வரும்.

அதே தண்ணீரைக் கொல்லைப் பக்கம் திருப்பிவிட்டால்? இரண்டு வாழை வளரும். ஒரு பப்பாளி வளரும். அவரைக் கொடி பந்தலில் ஏறும். கொல்லை இல்லாதவர்கள் உறிஞ்சு குழி வெட்டலாம். குழியில் கல்லும் மணலும் போட வேண்டும். தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும்.

தண்ணீர் ஒன்றுதான். விடுகிற இடத்தில் விட்டால் தோட்டம். விடக் கூடாத இடத்தில் விட்டால் நோய்.

ஹிவரே பஜார்

இப்போது ஓர் ஊருக்குப் போவோம். ஊரின் பெயர் ஹிவரே பஜார். முன்பு அகமது நகர் மாவட்டம் என்பார்கள். இப்போது அதன் பெயர் அகில்யா நகர் மாவட்டம். ஊரில் சுமார் 1,200 பேர் இருக்கிறார்கள்.

அங்கே மழை குறைவு. ஆண்டுக்கு 400 மில்லிமீட்டர் பெய்தால் பெரிய விஷயம். மலைச்சரிவில் இருக்கும் ஊர். மலையில் மரம் இல்லை. எல்லாவற்றையும் விறகுக்கு வெட்டிவிட்டார்கள். மழை பெய்தால் தண்ணீர் மலையிலிருந்து வேகமாக இறங்கும். மண்ணையும் அள்ளிக்கொண்டு ஓடிவிடும். மறுநாள் பார்த்தால் கிணறு காய்ந்து கிடக்கும்.

1972ஆம் ஆண்டு மகாராஷ்டிராவில் பெரிய பஞ்சம் வந்தது. அந்த ஊரும் அதில் அடிபட்டது. பிழைக்க வழி இல்லை. பலர் பம்பாய்க்கும் புனாவுக்கும் போனார்கள். ஊரில் இருந்தவர்கள் சாராயம் காய்ச்சினார்கள். சாராயக் கடைகள் பெருகின. சண்டையும் வழக்கும் பெருகின. அந்த ஊருக்கு வேலைக்குப் போக அதிகாரிகள் பயந்தார்கள் என்று சொல்வார்கள்.

1989ஆம் ஆண்டு ஊராட்சித் தேர்தல் வந்தது. அந்த ஊரில் பட்ட மேற்படிப்பு படித்த இளைஞர் ஒருவர் இருந்தார். பெயர் போபட்ராவ் பவார். ஊர் மக்கள் அவரைப் போட்டியில்லாமல் தலைவர் ஆக்கினார்கள்.

அவர்கள் முதலில் கையில் எடுத்தது பள்ளிக்கூடத்தை. ஊர்ப் பள்ளியில் வகுப்பறை போதவில்லை. விளையாட இடம் இல்லை. சிலர் நிலம் கொடுத்தார்கள். மற்றவர்கள் உடல் உழைப்பைக் கொடுத்தார்கள். கூலி வாங்காமல் வகுப்பறை கட்டினார்கள். நாம் சேர்ந்தால் முடியும் என்ற தைரியம் அப்போதுதான் பிறந்தது.

பிறகு சாராயக் கடைகளை மூடினார்கள். 22 கடைகள் மூடப்பட்டன.

அடுத்தது மலை. மலைச்சரிவில் வரிசை வரிசையாகக் குழி வெட்டினார்கள். ஓடைகளில் தடுப்பணை கட்டினார்கள். கசிவுக் குட்டை வெட்டினார்கள். மரக்கன்று நட்டார்கள். வேலை உறுதித் திட்டத்தின் பணமும், முன்மாதிரி கிராமத் திட்டத்தின் பணமும் உதவின. கூடவே ஊர் மக்களின் உழைப்பும் சேர்ந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மழையை மில்லிமீட்டரில் சொல்கிறார்கள். அது என்ன கணக்கு?

ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம் உள்ள இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் விழுகிறது. ஓர் ஏக்கரில் இப்படிப்பட்ட இடம் சுமார் 4,000 உண்டு. அப்படியானால் 400 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கரில் எவ்வளவு விழும்?

4,000 இடம். ஒவ்வோர் இடத்திலும் 400 லிட்டர். மொத்தம் 16 லட்சம் லிட்டர்!

மழை குறைந்த ஊரில், ஒரே ஓர் ஏக்கரில், 16 லட்சம் லிட்டர். லாரியில் தண்ணீர் கொண்டு வந்தால் எத்தனை லாரி வேண்டும்? ஒரு லாரிக்கு 10,000 லிட்டர் என்றால் 160 லாரி. வானம் கொடுத்தது. நாம் ஓடவிட்டோம். பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குக் காத்திருந்தோம்.

இந்தக் கணக்கு ஹிவரே பஜார் மக்களுக்குப் புரிந்தது. அதனால்தான் மலையில் குழி வெட்டினார்கள்.

கஷ்டமான முடிவுகள்

குழி வெட்டுவது சுலபம். அதைவிடக் கஷ்டமான வேலை ஒன்று உண்டு. அதுதான் கட்டுப்பாடு.

ஊர் கூடிச் சில முடிவுகள் எடுத்தது. மலையில் மரம் வெட்டக் கூடாது. ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு மேய்க்கக் கூடாது. குடிக்கக் கூடாது. குடும்பம் சிறியதாக இருக்க வேண்டும். பொது வேலைக்கு உழைப்பைக் கொடுக்க வேண்டும்.

இன்னும் இரண்டு முடிவுகள். விவசாயத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு போடக் கூடாது. கரும்பும் வாழையும் போல் தண்ணீர் அதிகம் குடிக்கும் பயிரை வயலில் போடக் கூடாது. நிலத்தை வெளியூர்க்காரருக்கு விற்பதில்லை என்றும் முடிவு செய்தார்கள்.

இதைக் கேட்கும்போது சுலபமாக இருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஆடு வைத்திருக்கும் ஏழை என்ன செய்வார்? நேற்று வரை மலையில் மேய்த்தவர் அவர். கரும்பு போட்டால் காசு வரும் என்று நினைப்பவர் என்ன சொல்வார்? "என் நிலம், என் கிணறு. நீ யார் கேட்க?" என்று கேட்கத்தானே செய்வார்?

ஏழைக்கு மட்டும் கட்டுப்பாடு, வசதி உள்ளவருக்கு விலக்கு என்றால் எந்த ஊரிலும் அது நிற்காது. ஹிவரே பஜாரில் ஆழ்குழாய்க் கிணற்றுக்கும் தடை, கரும்புக்கும் தடை. அது நிலம் உள்ளவருக்கான கட்டுப்பாடு. மேய்ச்சலுக்கு மாற்று வழியும் இருந்தது. மலைக்குள் மாட்டை விடக் கூடாது. ஆனால் புல்லை அறுத்துக்கொண்டு போகலாம்.

புல் என்ன ஆயிற்று? 2000ஆம் ஆண்டில் சுமார் 100 டன் புல் கிடைத்தது. 2004ஆம் ஆண்டில் 6,000 டன் கிடைத்தது. புல் வந்தால் மாடு வரும். மாடு வந்தால் பால் வரும். 1990களின் நடுவில் ஊரில் ஒரு நாளைக்கு 150 லிட்டர் பால்தான். பிறகு அது 4,000 லிட்டராக உயர்ந்தது.

1995ஆம் ஆண்டில் 168 குடும்பங்கள் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தன. அது 1998ஆம் ஆண்டில் 53 ஆனது. பிறகு மூன்று குடும்பங்களாகக் குறைந்தது. பிழைக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். 1992க்கும் 2002க்கும் இடையில் 40 குடும்பங்கள் திரும்பி வந்தன.

2007ஆம் ஆண்டு அந்த ஊருக்குத் தேசிய நீர் விருது கிடைத்தது. 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ விருது போபட்ராவ் பவாருக்கு அறிவிக்கப்பட்டது.

தண்ணீருக்கு வரவு செலவு

வீட்டுக்கு வரவு செலவு எழுதுகிறோம். அந்த ஊரில் தண்ணீருக்கும் வரவு செலவு எழுதுகிறார்கள். இந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது? கிணற்றில் எத்தனை அடி தண்ணீர்? அளந்து எழுதுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும் இதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

முதல் பங்கு குடிக்க. மனிதருக்கும் மாட்டுக்கும். மீதி எவ்வளவோ அதற்கு ஏற்ற பயிர். மழை குறைந்த ஆண்டில் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிர். கணக்கைக் கிராம சபையில் வைத்துப் பேசுகிறார்கள்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்தும் எண்ணும் தெரிந்தால்தான் இந்தக் கணக்கை நாமே சரிபார்க்க முடியும். கணக்கு தெரியாதவரிடம் யாரும் எதையும் சொல்லலாம். கணக்கு தெரிந்தவர் எழுந்து நின்று கேட்பார். "போன வருஷம் இத்தனை அடி. இந்த வருஷம் ஏன் குறைந்தது? யார் எடுத்தது?" என்று கேட்பார். படிப்பு தண்ணீரையும் காப்பாற்றும்.

தண்ணீர்க் கோப்பை

ஓர் ஊர் செய்துவிட்டது. மற்ற ஊர்கள் எப்படிக் கற்றுக்கொள்ளும்?

2016ஆம் ஆண்டு மகாராஷ்டிராவில் புதிய போட்டி ஒன்று வந்தது. பெயர் தண்ணீர்க் கோப்பை. பானி அறக்கட்டளை இதை நடத்தியது. சினிமா நடிகர் ஆமிர் கானும் கிரண் ராவும் தொடங்கிய அமைப்பு அது.

முதல் ஆண்டில் மூன்று வட்டங்களில் போட்டி நடந்தது. 116 ஊர்கள் கலந்துகொண்டன. சாத்தாரா மாவட்டத்தில் கோரேகாவ் வட்டம் இருக்கிறது. அந்த வட்டத்தைச் சேர்ந்த வேளு என்ற ஊர் முதல் பரிசு வாங்கியது. பரிசு 50 லட்சம் ரூபாய்.

2017ஆம் ஆண்டு 30 வட்டங்களில் போட்டி நடந்தது. வார்தா மாவட்டத்தில் காகட்தரா என்ற சிறிய ஊர் முதல் பரிசு வாங்கியது. அது ஆதிவாசி மக்கள் வாழும் ஊர். பெரிய ஊர்கள் எத்தனையோ இருந்தன. ஜெயித்தது ஒரு சிறிய ஊர். 2018ஆம் ஆண்டு 75 வட்டங்களுக்குப் போட்டி பரவியது. சாத்தாரா மாவட்டத்தின் டாகேவாடி அந்த ஆண்டு முதல் பரிசு பெற்றது. 2019ஆம் ஆண்டு வரை இந்தப் போட்டி நடந்தது.

போட்டி கோடையில் நடக்கும். சுமார் 45 நாள் நடக்கும். மழை வருவதற்குள் வேலை முடிய வேண்டும். முதலில் ஊரிலிருந்து ஒரு சிறு குழு பயிற்சிக்குப் போகும். அதில் பெண்களும் இருப்பார்கள். அவர்கள் கற்றுக்கொண்டு வந்து ஊருக்குச் சொல்லித் தருவார்கள். பிறகு ஊரே மண்வெட்டியும் கூடையும் எடுக்கும். எவ்வளவு உழைப்பு என்று அளந்து மதிப்பெண் போடுவார்கள். உறிஞ்சு குழிக்கும், மரக்கன்று நாற்றங்காலுக்கும்கூட மதிப்பெண் உண்டு.

மலையில் குழி வெட்டும்போது ஒரு விதி உண்டு. குழி வரிசை ஒரே மட்டத்தில் போக வேண்டும். மட்டம் தவறினால் தண்ணீர் ஒரு பக்கம் சேர்ந்து கரையை உடைத்துவிடும். மட்டத்தை எப்படிப் பார்ப்பது? கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் உங்களுக்குத் தெரியும். அதே முறைதான். இரண்டு கம்புகள். அவற்றில் அளவுக் கோடுகள். இரண்டையும் இணைக்கும் கண்ணாடி போன்ற குழாய். குழாயில் தண்ணீர். இரண்டு கம்பிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நின்றால் இரண்டு இடமும் ஒரே மட்டம். இதற்கு இன்ஜினியர் வேண்டாம். எண் படிக்கத் தெரிந்தால் போதும்.

இன்னொரு விதி. வேலையை மலை உச்சியில் தொடங்க வேண்டும். பள்ளத்தில் தொடங்கக் கூடாது. ஏன்? மேலே தண்ணீர் சிறிதாக இருக்கும். சுலபமாக நிறுத்தலாம். கீழே வரும்போது அது வெள்ளம். அணையையும் உடைக்கும். ஓடும் தண்ணீரை நடக்க வைக்க வேண்டும். நடக்கும் தண்ணீரை நிற்க வைக்க வேண்டும். நிற்கும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்க வேண்டும்.

பரிசுக்குப் பிறகு

இப்போது முக்கியமான கேள்வி. பரிசு வாங்கியதும் வேலை முடிந்ததா?

இல்லை. நிர்மல் கிராம விருது வாங்கிய ஊராட்சிகள் பலவற்றில் ஒரு வருத்தமான விஷயம் நடந்தது. விருது வந்தது. கழிப்பறை இருந்தது. சில வருஷத்தில் அதில் விறகு அடுக்கினார்கள். மக்கள் மறுபடியும் வெளியே போனார்கள். தண்ணீர் வசதி இல்லாத கழிப்பறையை யார் பயன்படுத்துவார்கள்? நடுவர் குழு ஒரு நாள் வரும். நாம் 365 நாளும் அங்கே வாழ்கிறோம்.

மலையில் வெட்டிய குழியும் அப்படித்தான். ஒவ்வொரு மழையிலும் மண் வந்து விழும். தூர் வாரவில்லை என்றால் சில வருஷத்தில் மூடிவிடும். நட்ட கன்றுக்கு முதல் இரண்டு கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். நடுவதற்கு ஒரு நாள் போதும். வளர்க்கப் பல வருஷம் வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. எல்லோரும் சேர்ந்து தண்ணீரைச் சேமித்தார்கள். நிலத்தடி நீர் ஏறியது. உடனே ஒருவர் 500 அடி ஆழ்குழாய் போடுகிறார். கரும்பு நடுகிறார். ஊர் சேமித்த தண்ணீரை ஒருவர் எடுத்துக்கொள்கிறார். கூடை சுமந்த கூலிப் பெண்ணுக்கு என்ன கிடைத்தது? மறுபடியும் காலிக் குடம்தான்!

தண்ணீரைச் சேமிப்பது பாதி வேலை. அதை நியாயமாகப் பங்கு போடுவது மீதிப் பாதி. ஹிவரே பஜார் இரண்டையும் செய்தது. அதனால்தான் அந்த ஊரின் பெயர் இத்தனை வருஷமாக நிற்கிறது.

யோசிப்போம், பேசுவோம்

சகோதர சகோதரிகளே, போட்டி ஒரு சாக்குதான். பத்து வருஷமாகப் பேசாத இரண்டு தெருக்கள் ஒரு கோப்பைக்காகச் சேர்ந்து மண் சுமக்கும் என்றால், அந்தப் போட்டி நல்ல போட்டி. ஆனால் பரிசு கொடுக்க யாராவது வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ஹிவரே பஜார் மக்கள் வேலையைத் தொடங்கியபோது எந்த விருதும் கண்ணில் தெரியவில்லை.

இன்று வீட்டுக்குப் போனதும் இந்தக் கேள்விகளைப் பேசுங்கள்.

நம் வீட்டுக் கழிவு நீர் எங்கே போகிறது?

நம் ஊர்க் கிணற்றில் போன கோடையில் எத்தனை அடி தண்ணீர் இருந்தது? அதை யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா?

நம் ஊரில் மழைத் தண்ணீர் எந்த வழியாக வெளியே ஓடுகிறது?

போன வருஷம் நட்ட மரக்கன்றுகளில் எத்தனை உயிரோடு இருக்கின்றன?

பதிலை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அடுத்த கிராம சபைக்கு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எழுந்து நின்று படியுங்கள்.